உறையாத எண்ணெய்

டிம்மின்ஸில் ஜனவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
சமையலறை ஜன்னலோரம் தேங்காயெண்ணெய்
சுண்ணாம்பாய் வெளுத்துக் கல்லாகிவிட்டது.
பக்கத்து போத்தலில் நல்லெண்ணெய்
சாய்த்தால் இன்னும் நகர்கிறது,
வேண்டா வெறுப்பாக.
ஒன்றின் வால்கள் நேரானவை, அடுக்கிய விறகு.
மற்றதன் வால்களில் நடுவே ஒரு வளைவு;
வளைந்தவை நெருங்கி அடுங்காது,
அடுங்காதவை சீக்கிரம் உறையாது.
இவ்வளவுதான் நான் படித்தது.
பன்னிரண்டு வருடப் படிப்பில் மீதியெல்லாம்
இதற்கு அடிக்குறிப்பு.

கூண்டு ஐந்தே முக்காலுக்கு இறங்கும்.
கதவை இழுத்துச் சாத்துகிறவன் ரெஜான்.
எழினி என்ற என் பெயரில்
நடு எழுத்தைத் தாண்டிக் குதித்துவிடும் அவன் நாக்கு.
நானும் திருத்துவதில்லை.
காது இரண்டு முறை அடைத்துத் திறக்கும்.
மேலே போட்ட மூன்று சட்டைகளை
கீழே ஒவ்வொன்றாகக் கழற்றுவோம்.
இரண்டாயிரத்து நானூறு மீட்டரில்
பாறை வெதுவெதுக்கிறது, காய்ச்சல்காரர் நெற்றிபோல.

துளைக்குழாயிலிருந்து சொட்டுகிறது
வெயில் என்றால் என்னவென்று தெரியாத தண்ணீர்.
அழுகிய முட்டை வாடை.
ரெஜான் ஒருநாள் விரலில் தொட்டு நக்கிப் பார்த்தான்.
"உப்பு" என்றான். அதன்பின் சொன்னதெல்லாம்
தேவாலயத்துச் சாமான்களின் பெயர்கள்;
இங்கே வசவு அப்படித்தான்.

அந்தத் தண்ணீரில், லிட்டருக்குச் சிலநூறாய்,
ஈரடுக்குத் தோல் போர்த்திய உயிர்கள்.
அழுத்தம் கூடினால் தோல் விறைக்கும்:
உடனே சில வால்களை வளைத்துக்கொள்ளும்.
சூடு கூடினால் தோல் குழையும்:
சிலவற்றை நிமிர்த்தும்.
பாஸ்பரஸ் தீர்ந்தால்
தன் கொழுப்பின் தலையையே கழற்றிக்
கையிலிருக்கும் வேறொன்றை மாட்டும்.
பட்டினி நீளும்போது மட்டும்
வளைவின் மேல் ஒரேயொரு கரியணுவை வைத்து
ஒரு முக்கோணமாக்கிப் பூட்டும்,
உள்ளிருந்து போட்ட தாழ்ப்பாள் மாதிரி.
ஒழுகினால் போச்சு. ஒரு புரோட்டான்கூட அங்கே செலவு.

"காலம் கெட்டதை அறிந்து" என்று
அறிக்கையில் எழுதியிருந்தேன்.
அறிந்து என்பதன் கீழ் சிவப்புக் கோடிட்டிருந்தார்
டாக்டர் ஹால்வர்சன்.
சரி. அறியவில்லை.
விறைப்பதே தோலுக்கு வந்த கடிதம்,
நெகிழ்வதே அது போட்ட பதில்.
நடுவில் படிக்கிறவர் எவருமில்லை.

நாற்பது லிட்டரை வடிகட்ட ஒரு இரவு.
பிறகு குளோரோஃபார்ம்.
தோலைப் படிக்க வேண்டுமென்றால்
தோலைக் கரைத்தாக வேண்டும்.
திரையில் ஒரு சிகரம் எழுந்தது, அப்படியொரு உயரம்.
மூன்று வாரம் அதைப் பார்த்துப் பூரித்தேன்,
எவரும் காணாத கொழுப்பு என்று
அம்மாவுக்கு போனில்கூடச் சொன்னேன்.

நாலாவது வாரம் தெரிந்தது:
கையுறையின் கட்டைவிரலில் ஊசிமுனை ஓட்டை.
குப்பியின் கழுத்தில் என் தோலெண்ணெய்.
மூன்று வாரமாய் நான் வியந்துகொண்டிருந்தது
என்னைத்தான்.

மறுபடி இறங்கினோம். மறுபடி நாற்பது லிட்டர்.
இந்த முறை இரட்டைக் கையுறை, மூச்சையும் அடக்கி.
பழைய சிகரம் நின்ற இடம் வெறும் சமவெளி.
இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்,
கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற
ஒரு மேடு.
நிறையைச் சரிபார்த்தேன், நாலு தடவை.
தாழ்ப்பாள் போட்ட அதே முக்கோணம்.

மறுநாள் விடியலில் ரெஜான் கேட்டான்:
"அப்ப அதுங்க உயிரோட இருக்கா?"
"இருந்துச்சு," என்றேன், "நான் கேட்கிற வரைக்கும்."
அவன் தலைக்கவசத்தைச் சொறிந்தான்.
ஒன்றும் பேசாமல் கூண்டின் கதவை இழுத்தான்;
கீல் குளிரில் விறைத்திருந்தது,
இரண்டாம் இழுப்புக்குத்தான் வந்தது.